ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம் எழுதித் தரும் சேவை: கொங்குக் கல்லூரிகள் எதை வாங்கலாம், எதை விடலாம்

கல்லூரிக்கு ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம் எழுதித் தருவதாகக் கோவையிலிருந்து இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனம் விற்கும் தொகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. பெயர் எழுதவில்லை. இதே சரக்கை அட்டையை மட்டும் மாற்றி விற்கிறவர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. இங்கே சொல்லும் நிறைகுறை கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொருந்தும். எடுத்துக்கொண்டது தன்னாட்சி பெற்ற சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி. சுமார் 2,000 மாணவர்கள். பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை. நம் பக்கத்தில் பழக்கப்பட்ட வகைதான்.

தொகுப்பில் ஐந்து உருப்படி. துறைத்தலைவர்களுக்கு ஒருநாள் பட்டறை, மூன்றாண்டுச் சேர்க்கைத் தரவு ஆய்வு, அறங்காவலர்களோடு அரைநாள் அமர்வு, அமைப்பு வரைபடத்தோடு 160 பக்கத் திட்ட ஆவணம், கடைசியாக 22 கொள்கைகள் அடங்கிய கையேடு. எல்லாம் 14 வாரத்தில். விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆலோசனைச் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. கல்லூரி தரும் கல்விக்கு வரிவிலக்கு இருப்பதால், இங்கே கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க வழியில்லை. கொட்டேஷனின் அடியில் 'வரி தனி' என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது முழுக்கக் கைக்காசு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்தில் இரண்டு, காசுக்குத் தகும்: சேர்க்கைத் தரவு ஆய்வு, அறங்காவலர் அமர்வு. பட்டறை அரைகுறை. ஆவணத்தையும் கையேட்டையும் வெளியாள் எழுதவே கூடாது என்பது எங்கள் கருத்து.

இந்தச் சேவைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் இதுவரையிலான அங்கீகார முறையில் ஏழு அளவுகோல்கள். ஆறாவது ஆளுகை, தலைமை, மேலாண்மை. 1000 மதிப்பெண்ணில் அதற்கு 100. அதன் உட்பிரிவு 6.2, உத்தி வகுத்ததையும் அது நடைமுறைக்கு வந்ததையும் கேட்கிறது. இது போதாதென்று, கல்வி நிறுவனங்கள் நிறுவன வளர்ச்சித் திட்டம் எழுதுவதற்கான வழிகாட்டு நெறிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. அந்த நெறிகளுக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையை மாநில அரசு ஏற்கவில்லை என்றாலும், யு.ஜி.சி. தாள் என்றதும் தாளாளர் அறையில் ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. அந்தப் பரபரப்பில்தான் செக் எழுதப்படுகிறது.

இதில் முதல் சிக்கல், தொகுப்பு முழுக்கப் பழைய ஏழு அளவுகோல் சட்டகத்தில் கட்டியிருப்பது. தரக்குறியீடுகளுக்குப் பதிலாக 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற முறையும், அதற்கு மேல் 1 முதல் 5 வரையிலான முதிர்வு நிலைகளும் வரும் என்று 2024 ஜனவரியிலேயே அறிவித்தாயிற்று. 'ஏ பிளஸ் வாங்கித் தரும் திட்டம்' என்று இன்னமும் விளம்பரம் செய்கிறவரிடம், எந்தச் சட்டகத்துக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பட்டறைக்கு வருவோம். கருத்தரங்கக் கூடத்தில் எட்டு வட்ட மேசை; மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பில் ஒட்டுத்தாள்கள்; பலம், பலவீனம், வாய்ப்பு, சவால். நடத்துகிறவர் கெட்டிக்காரர், நேரத்தைக் கட்டிப் பிடித்து ஓட்டுகிறார். ஆனால் முதல் வரிசையில் தாளாளர் உட்கார்ந்திருக்கும்போது பலவீனத் தாளில் என்ன வரும்? 'வைஃபை வேகம் போதவில்லை.' 'வண்டி நிறுத்த நிழல் இல்லை.' 'கேன்டீனில் கூட்டம்.' ஒரு புரொஜக்டர் பல்பு வாங்கக்கூட ஒப்புதலுக்கு மூன்று வாரம் ஆகிறது என்று எழுதிய தாள் ஒன்றுகூட இருக்காது. இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே அதைத்தான் எல்லாரும் பேசுவார்கள்.

இதைச் சரிசெய்ய பெரிய வித்தை வேண்டாம். பட்டறைக்குப் பத்து நாள் முன்பே, மின்னஞ்சல் முகவரி பதிவாகாத ஒரு கூகுள் படிவத்தில் மூன்றே கேள்வி அனுப்பலாம்: சென்ற ஆண்டு உங்கள் துறையில் நின்றுபோன வேலை எது, யாருடைய ஒப்புதலுக்காக நின்றது, எத்தனை நாள்? வந்த பதில்களைத் துறைப் பெயர் நீக்கிப் பட்டறையில் திரையில் போட்டால், நிர்வாகம் எங்கே அடைத்துக்கொள்கிறது என்று அரைமணியில் தெரிந்துவிடும். தாளாளர் காலையில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போய், நான்கு மணிக்குத் தொகுப்புரை கேட்க வந்தால் போதும். இந்த நிறுவனம் இரண்டையும் செய்வதில்லை. கேட்டால் செய்கிறார்கள்; கேட்க வேண்டியது நாம்தான்.

இனி உண்மையிலேயே நன்றாகச் செய்யும் வேலை. சேர்க்கைத் தரவு ஆய்வு.

மூன்றாண்டுச் சேர்க்கைப் பதிவேட்டை வாங்கிப்போய் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி போடுகிறார்கள். பிளஸ் டூ படித்த பள்ளி, வட்டம், பயிற்றுமொழி, பள்ளியில் எடுத்த பாடப்பிரிவு, வந்து போகும் பஸ் தடம் அல்லது விடுதி, கட்டணச் சலுகை, இடைநின்றிருந்தால் எந்த மாதம். பள்ளிப் பெயரில்தான் முதல் தலைவலி. ஒரே அரசு மேல்நிலைப் பள்ளி பதிவேட்டில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். கணினி அதை நான்கு பள்ளியாக எண்ணும். இவர்கள் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் 11 இலக்க அடையாள எண்ணான யு-டைஸ் எண்ணைப் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும்; தட்டச்சுப் பிழை உடனே கண்ணில் படும். அஞ்சல் குறியீட்டெண்ணை நம்பி ஊர் பிரிப்பதையும் இவர்கள் செய்வதில்லை. ஒரு குறியீட்டெண்ணுக்குள் இரண்டு தடத்துக் கிராமங்கள் வரும் என்பதால் அது சரியான முடிவு.

இந்த அட்டவணை கைக்கு வந்ததும் பல விஷயம் வெளிச்சமாகிறது. பெருந்துறைப் பக்கத்துக் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். காங்கேயம், சென்னிமலை, கோபி, பவானி என்று நான்கு பக்கமும் பஸ் ஓடும். எந்தத் தடத்தில் 50 இருக்கைக்கு 23 பேர் வருகிறார்கள், அந்தத் தடத்துப் பள்ளிகளிலிருந்து மூன்றாண்டில் வரத்து ஏறியதா இறங்கியதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் நேரம் ஒத்துவரும் ஊர்களில் கல்லூரி பஸ்ஸுக்குப் பணம் கட்ட மாணவிகள் வீட்டில் யோசிப்பார்கள். புதுப் பஸ் வாங்குவதைத் திட்டத்தில் எழுதும் முன் பார்க்க வேண்டிய கணக்கு இது.

அந்த அட்டவணையில் ஒரு பத்தி மட்டும் விடுபட்டிருக்கிறது: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியா? 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தபின், அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்புச் சிக்கலால் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இடைநிற்றல் பற்றிப் பேசிப் பயனில்லை. இடைநின்ற மாதம் என்ற பத்தியையும் வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. திருப்பூரை ஒட்டிய கல்லூரியில் அது பனியன் கம்பெனிகளின் ஆர்டர் சீசனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால்தான், அது படிப்பின் குறையா வீட்டின் தேவையா என்பது பிடிபடும். நிறுவனத்தின் அறிக்கை இதைத் தொடவில்லை. அட்டவணை கையில் இருந்தால் பொருளியல் துறை ஆசிரியர் ஒருவரே இரண்டு நாளில் போட்டுவிடலாம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டிய வரி: சுத்தம் செய்த மூலத் தரவுக் கோப்பு திறந்த எக்செல் வடிவில் கல்லூரிக்கு வர வேண்டும், நிறுவனத்திடம் உள்ள பிரதி அழிக்கப்பட வேண்டும். வழக்கமாக வருவது படமாக்கிய பி.டி.எஃப். மட்டுமே. அடுத்த ஆண்டு அதே எண்ணுக்கு மறுபடி காசு கேட்பார்கள். மாணவர் கைபேசி எண்களும் அதில் இருப்பதால், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்து, எண் பத்தியை நீக்கிவிட்டுக் கோப்பைக் கொடுப்பது நல்லது. ஆய்வுக்கு அந்த எண் எதற்கும் தேவைப்படாது.

அறங்காவலர் அமர்வு, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. நடத்துகிறவர் வெளியாள் என்பதுதான் அதன் பலம். முதல்வர் கேட்டால் 'ஏனுங்க சார், இதெல்லாம் இப்ப எதுக்குங்க?' என்று போகும் கேள்விகளை, அவர் அட்டையில் எழுதிக் கொடுத்து, பெயரில்லாமல் எழுதி வாங்குகிறார். அதில் ஒரு கேள்விக்காகவே இந்த அமர்வை வாங்கலாம்: அடுத்த ஐந்தாண்டில் எதை நிறுத்துவீர்கள்?

புதிதாக எதைத் தொடங்கலாம் என்றால் ஆளுக்கு நான்கு சொல்வார்கள். நிறுத்துவது எது என்றால் அறை அமைதியாகிவிடும். மூன்றாண்டாகப் பதினைந்து பேர் தாண்டாத பாடப்பிரிவு இருக்கும். அதை ஆரம்பித்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் தகப்பனார் பெயரில் அந்தத் துறைக் கட்டடம் நிற்கும். அட்டைகளைக் கலந்து வாசிக்கும்போது பாதிப் பேர் அதே பிரிவின் பெயரை எழுதியிருப்பது தெரிந்தால், அவரே 'சரிங்க, இருக்கற பசங்க முடிச்சுட்டுப் போகட்டும், புதுசா எடுக்க வேண்டாம்' என்று சொல்ல வாய்ப்பு உண்டு. முதல்வரின் குறிப்பாணையால் இது நடக்காது. இங்கே நிறுவனம் செய்யும் தவறு, கேட்ட பதிலை அங்கேயே தீர்மானமாக எழுதி வாங்காமல் 'ஆவணத்தில் சேர்க்கிறோம்' என்று எடுத்துக்கொண்டு போவது. ஆறு வாரம் கழித்து ஆவணம் வரும்போது 'பாடப்பிரிவுகளை மறுபரிசீலனை செய்தல்' என்று மழுங்கிப்போய் வருகிறது.

ஆவணம். 160 பக்கத்தில் கல்லூரிக்கே உரியது நாற்பது பக்கம் தேறும். மற்றது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும் உரைநடை. விரிவாக்கப் பணி அத்தியாயத்தில் 'கடலோரச் சமூகத்தினரின் வாழ்வாதாரம்' என்று ஒரு வரி அப்படியே நின்றிருந்தது. வேறெங்கோ எழுதியதைப் பெயர் மாற்றி ஒட்டியதன் மிச்சம். இங்கிருந்து கடலைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் பொன்னானி வரை போக வேண்டும். இப்படி ஒரு வரி, நாக் அனுப்பும் ஆய்வுக் குழுவான பியர் டீம் கண்ணில் பட்டால் மீதி 159 பக்கத்தையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பார்கள்.

அதைவிடப் பெரிய குறை, இலக்குகள் காலக்கணக்கோடு ஒட்டாதது. 'இரண்டாண்டில் ஆசிரியர்கள் அனைவரும் முனைவர் பட்டம்' என்று எழுதியிருக்கிறது. யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி குறைந்தபட்சக் காலமே மூன்றாண்டு. இந்த ஆண்டு பதிவு செய்கிறவர், எல்லாம் தடையின்றி நடந்தாலும், இரண்டாண்டுக்குள் முடிக்க வழியே இல்லை. சரியான இலக்கு இப்படி இருக்கும்: பட்டம் இல்லாத ஆசிரியர் இத்தனை பேர், அதில் பதிவு செய்தவர், பாடநெறித் தேர்வு முடித்தவர், ஆய்வேடு சமர்ப்பித்தவர் எத்தனை பேர், ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த ஜூன் மாதத்துக்குள் எத்தனை பேர் நகர வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர்களுக்குப் பணிச்சுமை குறைக்கப்படும் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதை எழுதாத இலக்கு, ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையில் நிறைவேறும் என்ற நம்பிக்கைதான்.

பணக்கணக்கு இன்னும் மோசம். ஆவணத்தின் வருமான மதிப்பீடு, அனுமதிக்கப்பட்ட இடங்கள் முழுவதும் நிரம்பும் என்று வைத்துப் போட்டது. ஓர் எடுத்துக்காட்டு. இளநிலைக் கணினி அறிவியல் ஒரு பிரிவு, அனுமதி 60. மூன்றாண்டுக்கு 180 பேர், ஆண்டுக் கட்டணம் 40,000 ரூபாய் என்றால் வரவு 72 லட்சம். நடைமுறையில் முதலாண்டு 52, இரண்டாமாண்டு 48, மூன்றாமாண்டு 46 என்று இருந்தால் 146 பேர், வரவு 58.4 லட்சம். 34 பேரின் கட்டணம், 13.6 லட்சம், ஆண்டுதோறும் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. கட்டணச் சலுகையை இன்னும் கழிக்கவே இல்லை.

செலவு மட்டும் குறையாது. வாரம் 30 மணி நேரம், மூன்று வகுப்புக்கு 90. முதலிரண்டு ஆண்டுகளில் தமிழுக்கு ஆறு, ஆங்கிலத்துக்கு ஆறு என்று மொழித்துறைகள் 24 மணி எடுத்துக்கொண்டால் மீதி 66. உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சொல்லும் நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி. 66ஐ 16ஆல் வகுத்தால் நான்கு பேர் போதாது, ஐந்தாவது ஆள் வேண்டும். ஆய்வக வகுப்பை இரண்டு பேட்சாகப் பிரித்தால் அவருக்கும் நேரம் நிரம்பிவிடும். வகுப்பில் 46 பேர் இருந்தாலும் 60 பேர் இருந்தாலும் இந்த ஐவர் வேண்டும். ஆகவே திட்டத்தின் வரவுப் பக்கத்தை, மூன்றாண்டுச் சராசரிச் சேர்க்கையிலிருந்து இடைநிற்றலைக் கழித்துப் போட வேண்டும். அதற்கான எண்கள் இதே நிறுவனத்தின் தரவு ஆய்வில் இருக்கின்றன! தரவு பார்த்த ஆள் ஒருவர், ஆவணம் எழுதிய ஆள் வேறொருவர். இருவரும் பேசிக்கொண்டதற்கு அடையாளமே இல்லை.

மூலதனச் செலவிலும் ஓர் ஓட்டை. ஐந்தாம் ஆண்டில் புதுக் கட்டடம் என்று ஒரு வரி. அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டே நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டும். மீதி 15 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டுமானால், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டு, உரிய படிவம் தாக்கல் செய்து, ஐந்தாண்டுக்கு மிகாமல் வைக்கலாம். 'கல்வி வளர்ச்சிக்காக' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் தகராறு வரும். எனவே கட்டடத் திட்டம் எழுதும் நாளிலேயே ஆடிட்டர் அறையில் இருக்க வேண்டும். 14 வாரத்தில் ஒரு முறைகூட இவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பதில்லை.

அமைப்பு வரைபடம் பார்க்க அழகாக இருக்கிறது. மேலே அறக்கட்டளை, கீழே தாளாளர், முதல்வர், புலமுதன்மையர், துறைத்தலைவர் என்று பெட்டி பெட்டியாக. ஆனால் மூன்று அவைகளை ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிவிட்டார்கள். அறக்கட்டளைக் குழு வேறு. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976இன் கீழ் வரும் கல்லூரிக் குழு வேறு. தன்னாட்சிக் கல்லூரிக்கு யு.ஜி.சி. 2023 ஒழுங்குமுறை சொல்லும் ஆட்சிக்குழு வேறு. மூன்றிலும் பெரும்பாலும் அதே ஆட்கள் உட்காருவதால் ஒன்றுதான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மூன்றுக்கும் தனித்தனிக் குறிப்பேடு வேண்டும். எந்த முடிவு எதில் ஏற வேண்டும் என்று பிரிக்க வேண்டும். நிலம் வாங்குவது அறக்கட்டளை. பணி நியமனம், ஒழுங்கு நடவடிக்கை கல்லூரிக் குழு. புதுப் பாடப்பிரிவு, ஆண்டு பட்ஜெட் ஆட்சிக்குழு. அறக்கட்டளைக் குறிப்பேட்டில் எழுதிய பாடப்பிரிவு முடிவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியாது.

நிதிக்குழுவின் நிலைமை தனிக் கூத்து. ஒழுங்குமுறைப்படி அதன் தலைவர் முதல்வர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். ஆட்சிக்குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அவை அது. ஆனால் செக் கையெழுத்து தாளாளரிடம். தலைமை வகிக்கிறவருக்கு 5,000 ரூபாய் செலவழிக்க அதிகாரம் இல்லை என்றால் அந்தக் குழு எதற்குக் கூடுகிறது? வரைபடத்துக்குப் பதில் ஒரே பக்கத்தில் செலவு அதிகாரப் பட்டியல் ஒன்று போட்டிருந்தால் போதும். துறைத்தலைவர் ஒரு தடவைக்கு 5,000 வரை, ஆண்டுக்கு 50,000 வரை. முதல்வர் 50,000 வரை. அதற்கு மேல் இரண்டு லட்சம் வரை முதல்வரும் தாளாளரும் சேர்ந்து. அதற்கும் மேல் நிதிக்குழு பரிந்துரையோடு ஆட்சிக்குழு. தொகைகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறட்டும், பட்டியல் இருக்க வேண்டும். தாளாளர் வெளிநாட்டில் இருக்கும்போது யார் கையெழுத்து என்ற கடைசி வரியை மறக்க வேண்டாம். வேலை நிற்கும் இடம் அதுதான்.

திட்டம் நடைமுறைக்கு வந்ததற்குச் சான்று எங்கே இருக்கும்? கூட்டக் குறிப்பேட்டில். தொகுப்பில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. வழக்கமாக எழுதுவது: 'ஆராய்ச்சி வசதிகளை மேம்படுத்த முடிவு செய்யப்பட்டது.' இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. எழுத வேண்டியது: 'தீர்மானம் 7. திட்டத்தின் இலக்கு 3.2இன்படி, வேதியியல் ஆய்வகத்துக்கு யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று வாங்க, வரும் நிதியாண்டின் மூலதனத் தலைப்பில் 6,00,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. பொறுப்பு வேதியியல் துறைத்தலைவர். மூன்று கொட்டேஷன் ஆகஸ்ட் 31க்குள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள்: மேல்நடவடிக்கை.' இலக்கு எண், தொகை, பட்ஜெட் தலைப்பு, ஆள், தேதி. இந்த ஐந்தும் உள்ள இருபது தீர்மானம் கையில் இருந்தால் நாக்குக்கு அனுப்பும் ஆண்டு தர உறுதி அறிக்கையின் ஆறாவது பகுதிக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பில், ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்கம், புகைப்படம் மூன்றையும் அந்தத் தீர்மான எண்ணிலேயே கோப்பாக வைத்துவிடலாம்.

கொள்கைக் கையேட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 22 கொள்கையில் பாதி, பெயரைத் தவிர ஒன்றுபோலவே இருக்கிறது. மின்கழிவுக் கொள்கை முதல் பசுமை வளாகக் கொள்கை வரை எல்லாவற்றிலும் 'குழு அவ்வப்போது கூடும்'. அவ்வப்போது என்பது எப்போது?

கால அட்டவணையையும் மாற்றச் சொல்லுங்கள். இவர்கள் ஏப்ரலில் தொடங்குகிறார்கள். அப்போது தேர்வு, பிறகு சேர்க்கை. துறைத்தலைவர் யாரும் கைக்கு அகப்பட மாட்டார்கள். ஏப்ரல் 1 தாண்டிவிட்டதால் அந்த ஆண்டு பட்ஜெட்டும் போயிருக்கும். செப்டம்பர் முடிவில் சேர்க்கை எண்கள் நிலைத்துவிடும். அக்டோபரில் தரவு ஆய்வு, தீபாவளி கழிந்து பட்டறை, டிசம்பரில் அறங்காவலர் அமர்வு, பொங்கல் முடிந்து நிதிக்குழு, மார்ச்சில் ஆட்சிக்குழு என்று போனால் திட்டமும் பட்ஜெட்டும் ஒரே கூட்டத்தில் நிறைவேறும். பாடத்திட்டக் குழுவுக்கு ஆறு பேர் பட்டியல் அனுப்பி, அதிலிருந்து துணைவேந்தர் ஒருவரை நியமித்து வர வேண்டும் என்பதால் பல்கலைக்கழகத்துக்கான கடிதம் நவம்பரிலேயே கிளம்ப வேண்டும். துணைவேந்தர் பணியிடம் காலியாக இருந்து ஒருங்கிணைப்புக் குழு கையெழுத்திடும் காலமென்றால் இன்னும் ஒரு மாதம் முன்பே.

வெளிச் சூழல் பற்றிய அத்தியாயமும் பழையது. பி.பி.ஏ., பி.சி.ஏ. இரண்டும் 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதலுக்குள் வந்துவிட்டன. அதே ஆண்டில் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவுக்கு இருந்த இட உச்சவரம்பும் நீக்கப்பட்டது. பக்கத்துப் பொறியியல் கல்லூரி கணினிப் பிரிவில் இடங்களைக் கூட்டினால், கலைக்கல்லூரியின் பி.சி.ஏ. வகுப்பில் முதலில் தெரியும். கொங்கில் இரண்டும் ஒரே பஸ் தடத்தில் இருக்கின்றன. அந்த அத்தியாயத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. 'உலகமயமாக்கலின் சவால்கள்' என்று மூன்று பக்கம் இருக்கிறது.

மதிப்பெண் போட்டால், தரவு ஆய்வுக்கு 5க்கு 4, அறங்காவலர் அமர்வுக்கு 4, பட்டறைக்கு 2, ஆவணத்துக்கு 1, கையேட்டுக்கு அதுவும் இல்லை. முதல் இரண்டை மட்டும் தனியே தருவீர்களா என்று கேட்டால் முதலில் மறுப்பார்கள், பிறகு இறங்கி வருவார்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஒப்பந்தத்தின்போது 30 விழுக்காடு, எக்செல் கோப்பு கைக்கு வந்ததும் 40, அமர்வின் தீர்மானங்கள் குறிப்பேட்டில் ஏறிய பிறகு 30. கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், தண்ணீர் வராவிட்டால் போர் போட்ட காசு தோட்டத்துக்காரருடையது. இங்கேயும் கடைசி 30 விழுக்காடு நம் கையில் இருக்கும் வரைதான் அவர்கள் போனை எடுப்பார்கள்.

இன்னொன்று: பேச வந்த மூத்த ஆலோசகரே வேலைக்கும் வருவாரா என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பேசும் நாளில் ஓய்வுபெற்ற பேராசிரியர் வருவார். தரவு வாங்கும் நாளில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பட்டதாரி வருவார். தரவுக்கு அந்தப் பையனே போதும், நன்றாகவே செய்கிறான். அறங்காவலர் அமர்வுக்கு மட்டும் மூத்தவர் வராமல் தேதி கொடுக்க வேண்டாம்.